சொல்லிக் கொடுத்த கஞ்சி

அந்த ஊரில் ஒரு சமையலை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால், அது சொன்னவர் கையை விட்டுப் போய்விடும். மழைக்காலத்தில் வெங்காயம் விலை ஏறுவது போல, இதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். சொல்லிக் கொடுப்பது என்கிற வார்த்தையிலேயே கொடுப்பது இருக்கிறது. கொடுத்த பொருள் கொடுத்தவரிடமும் எப்படி இருக்கும் என்று அங்கே கேட்பார்கள். பால்காரர் மனைவி தன் ஈரல் வறுவலைக் கல்யாணமாகிப் போன தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அதே சட்டியில், அதே மிளகைப் போட்டு வறுத்துப் பார்த்தாள். செருப்பு வாரைக் கடித்தது போல இருந்தது. அவள் அழவில்லை. தங்கச்சிக்குத்தானே போச்சு என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்க ஆள் அனுப்பினாள். பக்கத்தில் நின்று பார்த்துத் திருட முடியாது, வாயால் சொன்னால்தான் போகும். தாளில் எழுதிக் கொடுத்தால் மைதான் செலவு. சொல்லாமலே ஒருவர் செத்துப்போனால் அந்தச் சமையலும் அவரோடு போய்விடும். இழக்காமல் கொடுக்க ஒரே ஒரு வழி இருந்தது: ஏதாவது ஒன்றை மறைத்துவிட்டுச் சொல்வது. அப்படிச் சொன்னால் கை மாறாது. கேட்டவருக்கு ஏனோதானோ என்று வரும், சொன்னவருக்கு முழுசாக நிற்கும். இதனால் அந்த ஊரில் நாத்தனார் சண்டைகள் பெரும்பாலும் அடுப்படியில்தான் தொடங்கின. முழுசா சொன்னீங்களா அண்ணி என்று ஒருத்தி கேட்பாள். முழுசாத்தான் சொன்னேன், உன் கை அப்படி, நான் என்ன பண்ண என்று மற்றவள் சொல்லிவிட்டுப் போவாள்.

லாரிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் கடைசி வீடு வெல்டருடையது. ஒரே அறை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான குழாய். மகள் தவழத் தொடங்குமுன்பே அவர் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். நாள் முழுக்க இரும்பை உருக்குகிற மனிதருக்கு ஒரு கஞ்சியைக் கரிய விடாமல் இறக்கத் தெரியவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொய்யரிசியை வெறும் சட்டியில் வறுத்தார். ஒரு வெங்காயத்தைத் தோலோடு தணலில் புதைத்துக் கருக்கி, உரித்து, கஞ்சிக்குள் போட்டு, அது கரைந்து காணாமல் போகிறவரை கிண்டினார். உப்புப் போட மறந்துபோனார். பானையை இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கிண்ணத்தில் நாலு கல்லுப்பைப் போட்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றி, ஆற்றிக் கொடுத்தார். பிள்ளை குடித்துவிட்டு அழுகையை நிறுத்தியது. தூங்கும்போது பாயை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பிக் கிடந்தது. வெல்டர் கையை நடுவில் விட்டுப் பார்த்தார். குளிர்ச்சியாகக் காற்றுப் போனது. பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று போர்வையின் ஓரத்தை அடியில் செருகி விட்டார். அன்றிலிருந்து அந்தக் கஞ்சிக்கு உப்பு பானையில் விழுந்ததில்லை. மறதியில் செய்தது அப்படியே முறையாகிவிட்டது.

பிள்ளை வளர வளர அவர் கையும் வளர்ந்தது. மீன் சாறு வந்தது, கிழங்கு வறுவல் வந்தது, பூசணிக்காயைக்கூட ஆட்கள் கேட்டு வாங்கித் தின்கிற மாதிரி ஒரு பக்குவம் வந்தது. லீவு நாட்களில் லாரி சக்கரத்தின் பழைய ரிம்மில் அவரே பற்றவைத்துச் செய்த அடுப்பை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து வைப்பார். லாரியின் பக்கப் பலகைகளைச் செங்கல்மேல் போட்டு பெஞ்சு ஆக்குவார்கள். பொறி பட்டு ஓட்டை ஓட்டையாகிப்போன சட்டையோடு அவர் கரண்டியைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாலே பட்டறையின் டயர்க்காரருக்கு வாயூறும். யோவ் வெல்டரு, உன் சட்டையிலே இருக்கிற ஓட்டையைவிட என் வயித்துல இருக்கிற ஓட்டை பெருசுய்யா, சீக்கிரம் இறக்கு என்பார். டயர்க்காரருக்குக் குடும்பம் கிடையாது, காற்றடிக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே படுக்கை. வெல்டருக்குத் தான் தின்பதைவிட அடுத்தவர் தட்டை வழிப்பதைப் பார்ப்பதில்தான் பசி ஆறும். கேட்டவர்களுக்கு எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். மீன் சாறு டயர்க்காரருக்குப் போனது. கிழங்கு வறுவல் டீக்கடைக்காரிக்குப் போய், அவள் கடையே அதனால் நிமிர்ந்தது. பூசணிக்காய் கிரீஸ் போடுகிறவனுக்குப் போனது. அடுத்த லீவு நாளில் அவரவர் அதையே சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெல்டர் கையில் ஒவ்வொன்றாகக் குறைந்தது, பெஞ்சின்மேல் ஒவ்வொன்றாகக் கூடியது. தான் கொடுத்ததையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் திரும்ப வாங்கித் தின்றார். கஞ்சியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது பிள்ளையுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை பெரியவளாகி, பட்டறைக்கு வந்து லாரிக் கதவுகளில் பூவும் கிளியும் வரைந்த பெயிண்டரோடு பேசிப் பழகினாள். பெயிண்டர் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்குமேல் தங்காதவன். வெல்டருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு முற்றி, போறதா இருந்தா இப்படியே போயிரு, இந்த வாசலுக்குத் திரும்பி வராத என்று கத்திவிட்டார். அப்போது அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அவரைப் போலவே ரோஷம். கஞ்சி ஆறுமுன் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் காலையிலேயே வெல்டர் கஞ்சிப் பானையை ஏற்றினார். சாயங்காலம்வரை தணலில் வைத்திருந்து, யாரும் வரவில்லை என்றான பிறகு பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஊற்றினார். நண்பர்கள் வாங்கிக் குடித்தார்கள். பலகையை விட்டு ஒரு விரற்கடை உயர்ந்து உட்கார்ந்தபடி பட்டறைக் கதைகளைப் பேசினார்கள். வெல்டர் மட்டும் பலகையிலேயே இருப்பார். கஞ்சி வைத்தவரை அது தூக்காது.

எதிர் வரிசையில் லாரிக்காரனும் மனைவியும் குடிவந்தது அந்தக் காலத்தில்தான். அவள் வந்த முதல் நாளே வெல்டரை அண்ணே என்று கூப்பிட்டாள். அதனால் லாரிக்காரனுக்கு அவர் மச்சான் ஆனார். பெண்ணைக் கொடுக்காமலே மாப்பிள்ளை விருந்து தின்கிறான் பார் என்று டயர்க்காரர் அவனைக் கேலி செய்வார். அவன் அதற்குக் கூச்சப்படாமல் இன்னொரு துண்டு மீனை எடுத்துக்கொள்வான். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள், நீலப் பூச்சு அங்கங்கே உதிர்ந்த, காது வைத்த கிண்ணம் ஒன்று அவளுடையது. ஓரத்தில் உடைந்து, உதட்டைக் கீறும். வேற எடுத்துக்கோ தங்கச்சி என்றால், பழகிடுச்சு அண்ணே, இதுல குடிச்சாத்தான் குடிச்ச மாதிரி இருக்கு என்பாள். ஒரு வருடம் நன்றாக இருந்தாள். பிறகு வயிற்றில் ஏதோ வளர்ந்து படுக்கையில் விழுந்தாள். எதைக் கொடுத்தாலும் வெளியே வந்தது. எலும்பும் தோலுமாகி, முதுகில் புண் வந்து, மல்லாக்கவும் முடியாமல் ஒருக்களிக்கவும் முடியாமல் கத்தினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வலியை மறக்க வைத்தது, புண்ணை ஆற்றவில்லை. வெல்டர் ஒரு காலை நேரம் கஞ்சி வைத்து, நீலக் கிண்ணத்தில் ஊற்றி, எதிர் வரிசைக்குக் கொண்டுபோனார். அது உள்ளே தங்கியது. அவள் கட்டிலை விட்டு ஒரு விரற்கடை எழும்பினாள். புண் துணியில் படவில்லை. அன்று பகல் முழுக்கத் தூங்கினாள். அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் அவர் கஞ்சி வைத்தார். போர்வையின் ஓரத்தை லாரிக்காரன் செருகி விடுவான்.

லாரி முதலாளி தன் வண்டிகளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு மாற்றியபோது, லாரிக்காரனுக்கும் போக வேண்டி வந்தது. வேறு வேலை தேடுகிற நேரம் இல்லை, மருந்துக்குப் பணம் வேண்டும். அவன் கஞ்சியைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததுதான் வெல்டரை அரித்தது. போகிற நாள் காலையில் அவரே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நொய்யை எவ்வளவு வறுக்க வேண்டும், வெங்காயம் எப்படிக் கருக வேண்டும், எப்போது போட வேண்டும், எதுவரை கிண்ட வேண்டும் என்று சொன்னார். லாரிக்காரன் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தான். வெல்டர் உப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் என்றாவது ஒருநாள் வருவாள். வந்தவளுக்குக் கொடுக்க அவர் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குக் கிடையாது. கஞ்சியை நீட்டினால் அவளுக்குப் புரியும் என்று நினைத்திருந்தார். வண்டியில் ஏற்றும்போது லாரிக்காரன் மனைவி நீலக் கிண்ணத்தை அவரிடமே கொடுத்தாள். திரும்பி வந்து இதுலதான் குடிப்பேன் அண்ணே, இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவர் வாங்கி ஆணியில் மாட்டினார்.

மழைக்கு முன் லாரிக்காரன் லோடு எடுக்கப் பட்டறைப் பக்கம் வந்தான். வெல்டர் ஒரு லாரியின் அடிச்சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியை மேலே தள்ளிவிட்டு, தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்டார். இருக்கா என்றான். கஞ்சி குடிக்கிறாளா? குடிக்கிறா. எழும்புறாளா என்று கேட்டதற்கு அவன் தன் வண்டியின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தான்.

“படுக்கையோட ஒட்டிக் கிடக்கா மச்சான். நான்தான் எதையோ தப்பாப் பண்றேன். ரெண்டு தடவை வெங்காயத்தைக் கரியாக்கிட்டேன். இது ஸ்டியரிங் பிடிக்கிற கை, இதுக்கு வருமா? என் கை அப்படி.”

அதை அவன் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே தன் கையைத்தான் திட்டினான். இரண்டு கைகளையும் விரித்து, கறுத்த காய்ப்புகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். வெல்டர் அவன் கைகளைப் பார்த்தார். பிறகு முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பட்டறையில் யாரும் பற்றவைக்காதபோது முகமூடியை இறக்குவதில்லை.

“உப்பை எங்க போடுற?”

“பானையிலதான். வேற எங்க போடுவாங்க?”

“பானையில போடாத. கிண்ணத்துல முதல்ல போடு. கல்லுப்பு. அது மேல கொதிக்கக் கொதிக்க ஊத்து. அவ்வளவுதான்.”

லாரிக்காரனும் அந்த ஊர்க் காற்றைக் குடித்தவன்தான், என்ன நடந்தது என்று புரிந்துகொண்டான். இதுவரை மறைத்ததற்குக் கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு. மச்சான், உங்க பாப்பா திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க என்றான். லாரியை எடுறா, லோடு நிக்குது என்று முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது. லாரி கிளம்பிப் போனதும் வெல்டரின் சட்டையில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த கருகிய வெங்காய வாசனை போய்விட்டது. வெறும் இரும்பு வாசனை மட்டும் அடித்தது. டயர்க்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அட பாவி மனுசா என்றார்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. பட்டறையில் மெஷின்கள் மாறின, கிரீஸ் போடுகிறவன் வேறு வேலைக்குப் போனான், டீக்கடைக்காரி கடைக்குமேல் ஒரு மாடி கட்டினாள். நெருப்பைப் பார்த்துப் பார்த்து வெல்டரின் கண்கள் வெளுத்தன. முதலில் பற்றவைக்கிற ராடின் நுனி தெரியாமல் போனது, அப்புறம் ஆட்களின் முகம், கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. அப்படியும் லீவு நாளில் கஞ்சி வைப்பதை விடவில்லை. அது சுவரில் போஸ்டர் ஒட்டக்கூட லாயக்கில்லாமல் வந்தது. நண்பர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அவருக்குத்தான் கண் தெரியாதே, சுளித்திருந்தாலும் சுளிக்கவில்லை என்றுதான் கணக்கு. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அந்த வழியில் லாரிகளே நின்றுவிட்டன. செய்தி வராததை வெல்டர் நல்லதாக எடுத்துக்கொண்டார். கஞ்சி அங்கே வேலை செய்யுது, இல்லாட்டி அவன் வந்து சொல்லியிருப்பான் என்பார். டயர்க்காரர் ஆமாமா என்பார்.

மகள் வந்தது ஒரு லீவு நாள் மத்தியானம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பெஞ்சில் டயர்க்காரரும் டீக்கடைக்காரியும் இருந்தார்கள். அவள் பையை இறக்கவில்லை, நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, அவர் கண்களைப் பார்க்கவுமில்லை.

“என் கஞ்சியை யாருக்குக் குடுத்த?”

வெல்டர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். வந்தவ முதல்ல உள்ள வா பாப்பா என்றார்.

“வர்றது இருக்கட்டும், கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊருக்கெல்லாம் எதை வேணா வாரிக் குடுப்ப, இது என்னோடதுன்னு சொல்லித்தானே வளர்த்த? நான் போனதும் வேண்டாம்னு தூக்கிக் குடுத்துட்டியா? அவ்வளவு ஆத்திரமா என்மேல?”

டீக்கடைக்காரி, அடியே, முதல்ல தண்ணியைக் குடி என்று எழுந்தாள். மகள் குடிக்கவில்லை. குழந்தையை டயர்க்காரர் மடியில் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த கஞ்சியை எட்டிப் பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். பார்த்தியா, உன்கிட்ட இல்ல என்றாள். பானையைக் கழுவினாள், நொய்யை அள்ளினாள், வறுத்தாள். அவள் வைக்கிற ஒவ்வொரு சாமானும் ணங் என்று கேட்டது. வெங்காயம் தணலில் கருகியபோது அந்த வாசனை சந்து முழுக்கப் போய், குழாயடியில் இருந்தவர்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வெல்டர் எழுந்து நின்றுவிட்டார். அவள் சுவரிலிருந்து கைக்குக் கிடைத்த கிண்ணத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். காலிக் கிண்ணத்தில் கல்லுப்பு விழுகிற சத்தம் கேட்டது.

வெல்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்தார். அது எந்தக் கிண்ணம் என்று கேட்டார். ஓரம் உடைஞ்ச நீலக் கிண்ணம் என்றாள். உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா என்று கேட்டார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பெயிண்டரோடு ஊர் ஊராகப் போய், ஒரு சந்தையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு உட்கார்ந்திருந்தபோது, கயிறு விற்கிற ஒருத்தி பார்த்தாளாம். என் பிள்ளைக்குச் சரியாயிடுச்சு, இனி உனக்குத்தான் வேணும், வெச்சுக்கோ என்று சொல்லிக் கொடுத்தாளாம். குடித்த குழந்தை தொட்டிலில் எழும்பிக் கிடந்தபோதுதான் இது அப்பாவின் கஞ்சி என்று இவளுக்குத் தெரிந்தது.

“அந்தக் கயிறுக்காரிக்கு யார் குடுத்தாங்களாம்?”

“யாரோ ஒரு லாரிக்காரராம். சந்தையில கயிறு வாங்க வந்தவர், அவ பிள்ளை வாந்தி எடுக்கிறதைப் பார்த்துட்டு, இனி எனக்கு இது எதுக்குன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாராம்.”

டயர்க்காரர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மனைவி உயிரோடு இருக்கிறவரை லாரிக்காரன் அதை வாயைத் திறந்து யாருக்கும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அது இனி எதற்கு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“அப்ப தங்கச்சி போயிட்டா” என்றார் வெல்டர்.

டீக்கடைக்காரி மகளைத் தள்ளி அழைத்துப்போய், எதிர்வீட்டுக் கட்டிலில் யார் கிடந்தாள், எப்படிக் கிடந்தாள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மகள் திரும்பி வந்து வெல்டரின் காலடியில் உட்கார்ந்தாள். எனக்குத் தெரியாதுப்பா என்றாள். அவர் அவள் தலையைத் தேடித் தொட்டார். நல்லா வந்திருக்கா என்று கேட்டார். வந்திருக்குப்பா. குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு என்றாள். பிறகு, நான் திருப்பிச் சொல்லிக் கொடுக்கவா, நீ எடுத்துக்கிறியா என்று கேட்டாள். வேணாம், பிள்ளை இருக்குல்ல, நீயே வெச்சுக்கோ என்றார். அவள் நீலக் கிண்ணத்தில் ஊற்றப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்து, அதுல ஊத்தாத, அது வேற ஒருத்தியோடது, உப்பு போட்டது போட்டதாவே இருக்கட்டும், எனக்கு வேற கிண்ணம் எடு என்றார். டயர்க்காரர் எழுந்து நீலக் கிண்ணத்தை, வெறும் உப்போடு, பெஞ்சின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

எல்லோரும் குடித்தார்கள். வெல்டர் மெதுவாகக் குடித்தார், கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தார். அவருக்காக இன்னொருவர் அந்தக் கஞ்சியை வைத்தது அதுதான் முதல் தடவை. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்ததும் கயிற்றை விட்டு ஒரு விரற்கடை எழும்பினார், எழும்பியபடியே அழுதார், அழுதுகொண்டே தூங்கிப்போனார். மகள் போர்வையின் ஓரத்தை அடியில் செருகி விட்டாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவள் போயாக வேண்டும். பெயிண்டருக்கு வேறு ஊரில் வேலை வந்திருந்தது. டீக்கடைக்காரி அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். டயர்க்காரர் கிண்ணங்களைப் பொறுக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். யாரும் ஊற்றாத நீலக் கிண்ணத்தில் உப்பு இல்லை. அடியில் கொஞ்சம் ஈரமும், வழித்த விரலின் தடமும் இருந்தன. தொட்டபோது இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதையும் மற்ற கிண்ணங்களோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.